வீட்டில் நிற்கணும், இல்லை மாடு தின்னணும்: வாசலிலேயே ஒரு சின்னக் கல்யாணம்

தங்கை கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் விசாரிக்கப் போன இடத்தில் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார்கள். பிளாஸ்டிக் பூவால் ஒரு சுவர், இரண்டு பக்கமும் தெர்மாகோல் யானை, நடுவில் பொண்ணு மாப்பிள்ளை பேர், எல்லாம் சேர்த்து எண்பதாயிரம். மறுநாள் இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "அன்னைக்குச் சாயங்காலமே பிரிச்சு எடுத்துட்டுப் போயிருவோம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்றார். என் கவலையே அதுதான் என்பது அவருக்குப் புரியவில்லை.

எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, உள்ளே சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, பத்து வருஷமாக யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சுவர். இரண்டு பக்கமும் சேர்த்து 120 பேரைக் கூப்பிடுவது என்று முடிவாகியிருந்தது. கல்யாணச் சாக்கில் வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று அம்மா ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், அலங்காரத்துக்கு நான் இன்னொரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், இரண்டும் ஒரே கணக்குதானே என்று தோன்ற எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அப்புறம் வைத்துக்கொண்ட விதிதான் தலைப்பில் இருப்பது. வாங்குகிற, செய்கிற எந்தப் பொருளும் கல்யாணம் முடிந்த பிறகு வீட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் மாடு தின்ன வேண்டும். இரண்டும் இல்லாதது வாசலுக்குள் வரக்கூடாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே கடையில் பாதிப் பொருள் கையை விட்டு இறங்கிவிடும்.

எங்களுக்குச் சரியாக வந்ததையும் சொதப்பியதையும் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீடு டைல்ஸ் போட்ட மாடி வீடாக இருந்தால் சிலது மாறும், அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

மார்கழியை வீணாக்காதீர்கள்

தையில் முகூர்த்தம் என்றால் மார்கழி முழுக்க உங்கள் கையில். அந்த மாதம் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது, ஆகவே தச்சர், பந்தல்காரர், தையல்காரர் எல்லோரும் கூப்பிட்டால் வருவார்கள். பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்கத்தான் போகிறோம், அதையே கல்யாண வெள்ளையாக வைத்துக்கொள்ளலாம். தினமும் வாசலில் கோலம் போடுகிற மாதம் என்பதால் கையும் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலைகளைத் தொடங்க வேண்டாம். அடைமழையில் சுண்ணாம்பு காயாது, கதவுக்கு அடித்த எண்ணெயும் காயாது.

சுவர்

பெயின்ட் அடிப்பதா, சுண்ணாம்பு அடிப்பதா என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்புதான். சுவர் மூச்சு விடும், செலவு குறைவு, நாமே அடிக்கலாம், அந்த வெள்ளைக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. ஏற்கெனவே எமல்ஷன் பெயின்ட் அடித்த சுவர் என்றால் வேண்டாம், பிடிக்காது. டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் அப்படியே. நான் பேச்சைக் கேட்காமல் பின்கட்டு அறையில் பழைய டிஸ்டெம்பர் மேலேயே அடித்தேன், மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி சுருண்டு சுருண்டு விழுந்தது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க இரண்டு நாள் போனது.

சுண்ணாம்பு கரைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, பழைய இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், பிளாஸ்டிக் வாளி கூடாது. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கொதிக்கும், நிஜமாகவே உலைபோல் தளபுளவென்று கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சும்மா விடக்கூடாது. ஒரு நாள் அப்படியே ஊறட்டும். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், கல்லும் கசடும் மேலே நின்றுவிடும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. பார்க்க மோர் மாதிரி இருக்க வேண்டும், தயிர் மாதிரி இருந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

இதில் இரண்டு சேர்மானம். சோற்றுக் கஞ்சி ஒரு செம்பு, சுவரைத் தொட்டால் கையில் ஒட்டாமல் இருக்க. துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை, வெள்ளை பளிச்சென்று தெரிய. நீலம் கூடினால் வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும், ஆகவே ஒரு மூலையில் அடித்து, காயவிட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஈரத்தில் சுண்ணாம்பு நிறமே காட்டாது, அடிக்கும்போது "ஒண்ணுமே பிடிக்கலையே" என்று தோன்றும், மதியத்துக்கு மேல் திரும்பிப் பார்த்தால் சுவர் வெளுத்து நிற்கும். அடிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மெல்லிசாக மூன்று கை, ஒரு கை குறுக்கே, அடுத்தது நெடுக்கே.

கஞ்சி சேர்ப்பதை நான் முன்கட்டுச் சுவருக்கு மறந்துவிட்டேன். கல்யாணத்தன்று கருப்புச் சட்டை போட்டு வந்த மாமா ஒருவர் திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு எழுந்தபோது முதுகில் முழுச் சுவரும் இருந்தது. நீங்கள் மறக்காதீர்கள்.

கதவு, தரை

முன்வாசல் கதவில் நான்கைந்து அடுக்கு எனாமல் பெயின்ட், கடைசியாகப் பச்சை. சுரண்டிப் பார்த்தால் உள்ளே தேக்கு. பழைய எனாமலில் ஈயம் இருக்கும், வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்த தூள் பறக்கத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், மூக்குக்கு நல்ல மாஸ்க் கட்டுங்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். 80 நம்பர் தாளில் தொடங்கி, 120, கடைசியில் 220. அப்புறம் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் விட்டு அடுத்த கை. மூன்று கை போதும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ரெட் ஆக்சைடு தரையை உடைத்து டைல்ஸ் போடலாம் என்று யாராவது வருவார்கள், அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காயவிட்டு, தேங்காய் எண்ணெய் சில சொட்டுத் தொட்டுத் துணியால் தேய்த்தால் பழைய பளபளப்பு எழுந்து வரும். இதைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், முந்தின நாள் தேய்த்தால் பந்திக்கு ஓடும் பையன் சாம்பார் வாளியோடு வழுக்குவான். பித்தளைக்குப் புளியும் உப்பும், அது எல்லோருக்கும் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் சேலை

பிளாஸ்டிக் பூச் சுவருக்குப் பதிலாக எங்கள் வீட்டுச் சேலைகளையே தொங்கவிட்டோம். முதலில் ஆச்சியின் பழைய பட்டுகளைத்தான் எடுத்தேன். முப்பது வருஷம் மடிப்பிலேயே இருந்த பட்டு, பிரித்ததும் மடித்த இடத்தில் சர்ரென்று கிழிந்தது, ஜரிகையின் கனம் வேறு. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆகவே பட்டு வேண்டாம், பருத்திச் சேலை எடுங்கள். சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், இப்படி அடர்ந்த நிறங்கள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நன்றாக எழும்பும். பாலியஸ்டர் கூடவே கூடாது, பக்கத்தில் விளக்கும் ஓமமும் இருக்கிற இடம், தீப்பொறி பட்டால் உருகி மேலே ஒட்டும்.

கணக்கு எளிது. சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் பதினெட்டு அடி. ஒரு மூங்கில் கழியை ஒன்பதடி உயரத்தில் கட்டி, சேலையை அதன்மேல் பாதியாக மடித்துப் போட்டால் முன்னால் ஒன்பதடி, பின்னால் ஒன்பதடி. அகலம் கிட்டத்தட்ட நான்கடி, கொசுவம் வைத்தால் இரண்டடியாகச் சுருங்கும். பன்னிரண்டு அடி மேடைக்கு ஆறு சேலை. முந்தானை முன்பக்கம் வரும்படி போடுங்கள். ஊக்கு குத்தாதீர்கள், நூல் இழுத்து ஓட்டை விழும். கழிக்குக் கீழே கொசுவத்தை ஒன்று சேர்த்து கை ஊசியால் நீளத் தையல் நாலு போட்டால் போதும், அப்புறம் ஒரே இழுப்பில் பிரிந்து வரும். சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கட்டுங்கள், சுண்ணாம்பு சேலையில் ஏறாமல் இருக்கும். விளக்கு, ஓமகுண்டம் எல்லாம் சேலையிலிருந்து ஐந்தடியாவது தள்ளி. கூரையிலிருந்து டியூப்லைட் வெளிச்சம் அடித்தால் எல்லாச் சேலையும் சாயம் போன மாதிரி தெரியும். மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் பல்பு நான்கு, இரண்டு பக்கமும் முகத்துக்கு நேராக, அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்ததும் சேலைகள் ஜன்னல் திரையாகிவிட்டன. ஒரு சேலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி வரும், மேலே கம்பி நுழைய மடித்துத் தைத்தாலும் ஐந்தடி ஜன்னலுக்குத் தாராளம். ஆறு சேலையில் மூன்றை வெட்டினோம், மூன்றை அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

குருத்தோலை

இத்தனையிலும் எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை இதுதான். தென்னங்குருத்தின் அந்த வெளிர்மஞ்சள் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் குருத்தை யார் வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். தென்னைக்கு வளரும் மொட்டு உச்சியில் ஒன்றே ஒன்றுதான், அரிவாள் அதில் பட்டால் மரம் செத்துவிடும், பனையும் அப்படித்தான். பழகிய மரமேறியைக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்தில் வீடு கட்ட வெட்டப் போகிற தென்னை இரண்டு இருந்தன, அவற்றிலிருந்து நான்கு குருத்து கிடைத்தது. வாசலுக்கும் பந்தலுக்கும் சேர்த்து அறுபதடித் தோரணத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

முந்தின நாள் காலையில் வெட்டி, உடனே ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள். மதியம் உட்கார்ந்து செய்து, செய்ததையும் ஈரச் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டு, ராத்திரி வெயில் தாழ்ந்த பிறகு கட்டுங்கள். காலையிலேயே கட்டி வெயிலில் விட்டால் முகூர்த்த நேரத்துக்கு ஓரமெல்லாம் தவிட்டு நிறமாகிச் சுருண்டுவிடும்.

முதலில் ஒவ்வொரு இலையிலும் நடு ஈர்க்கை உரித்தெடுங்கள். அடியில் நகத்தால் கீறிவிட்டு, ஈர்க்கை ஒரு கையிலும் இலையை மறுகையிலும் பிடித்து எதிரெதிராக இழுத்தால் இரண்டு பட்டையாகப் பிரிந்து வரும். ஈர்க்கை எறிய வேண்டாம், விரல் நீளத்துக்கு ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நமக்கு ஊசி, பின், எல்லாமே. ஸ்டேப்ளர் அடிக்கவே கூடாது. நம் விதிப்படி இது கடைசியில் மாட்டுக்குப் போகப் போகிறது, கம்பிப் பின் வயிற்றுக்குள் போனால் மாட்டுக்கு உயிருக்கே ஆபத்து.

யாருக்கும் வருகிற இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று சங்கிலி. பட்டையை உள்ளங்கை நீளத்துக்கு வெட்டி வளையமாக்கி, இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஈர்க்கால் தையல் போடுவதுபோல் குத்தி எடுங்கள். அடுத்த பட்டையை இதற்குள் நுழைத்து வளையமாக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள்கூடச் செய்துவிடும், எங்கள் வீட்டில் நாற்பதடி சங்கிலி முழுக்க வாண்டுகள் செய்ததுதான், அவர்கள் வீட்டுக்குள் அடங்கி இருந்ததும் அந்த ஒரு மதியம்தான். இன்னொன்று விசிறி. முழுப் பட்டையை ஒரு விரல்கடை அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போய், ஒரு நுனியில் எல்லா மடிப்பையும் சேர்த்து ஈர்க்கைக் குத்தி, மறுநுனியை விரித்துவிட வேண்டும். இரண்டு சங்கிலிக்கு ஒரு விசிறி என்று கயிற்றில் தொங்கவிட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

கிளி முடைவதை எழுத்தில் சொல்லித்தர முடியாது, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நான் ஆச்சியிடம் படித்தேன். நாலு கிளி முடித்துப் பெருமையாகத் தூக்கிக் கட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, கிளியெல்லாம் தலைய கீழ தொங்கப் போட்டுருக்கே, இது எந்த எழவு வீட்டுக்கு?" தலை மேலே பார்த்தால் நல்ல காரியம், கீழே பார்த்தால் துக்கம். அத்தனையையும் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன்.

வாசலுக்கு வாழைமரம் இரண்டு, குலையும் பூவும் தள்ளியதாக. வெறுமனே தூணில் சாய்த்துக் கட்டினால் குலையின் கனத்தில் ராத்திரியே முறிந்துவிடும். பின்னால் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, அதோடு மூன்று இடத்தில் வாழைநாரால் கட்டுங்கள், அடியை ஈர மணல் நிரப்பிய பழைய அண்டாவில் நிறுத்துங்கள். பூவைப் பொறுத்தவரை முகூர்த்த நாளில் மல்லிகை விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மாலைக்கும் தலைக்கும் மட்டும் மல்லிகை. மற்ற இடத்துக்கெல்லாம் செவ்வந்தி, கோழிக்கொண்டை, மாவிலை. தோவாளைச் சந்தைக்கு விடியும் முன்பே ஆள் அனுப்பினோம், உங்களுக்கு மதுரையோ நிலக்கோட்டையோ பக்கமாக இருக்கலாம். பூ குறைந்தால் பச்சை இலையைக் கூட்டுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோலம்

மாக்கோலம்தான், அதுவும் சிவப்புத் தரையில். ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நெருநெருப்பே இல்லாமல் வெண்ணெயாக அரைத்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். உள்ளங்கை அளவு பருத்தித் துணியை மாவில் முக்கி, விரல்களுக்குள் அடக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இறங்கும், விரல் போகிற இடமெல்லாம் கோடு. போடும்போது நீர்க்கோடு மாதிரிதான் தெரியும். பதறிப்போய் அதன்மேலேயே இன்னொரு தரம் இழுக்காதீர்கள், காய்ந்ததும் இரட்டைக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் பொறுங்கள், வெள்ளை தானாக எழும். சுற்றிலும் காவி. காவிக்கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் இழுத்தால் ஆயிற்று. மார்கழியில் பத்து நாள் படிக்கோலம் பழகியிருந்தால் மணவறைக்கு முன்னால் கை நடுங்காது.

வழவழ டைல்ஸில் இது நிற்காது, ஈரமாக இருக்கையில் மிதித்தவர் வழுக்குவார், காய்ந்ததும் உதிரும். அதற்கு ஒரு வழி, நான்கடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் கோலம் போட்டு வைத்துவிடுவது. அப்புறம் சுவரில் மாட்டலாம், கால் வைத்து டீப்பாய் ஆக்கலாம். ஸ்டிக்கர் கோலம் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மாக்கோலத்தை மறுநாள் எறும்புகள் வந்து சுத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடும், அதையும் மாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பாய், பானை, பை

பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில் முடிந்த அளவு பாய் போட்டோம். முட்டி வலிக்கிறவர்களுக்கு மட்டும் நாற்காலி இருபது, அதில் கௌரவம் பார்க்காதீர்கள், வயசானவர்கள் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் அவதிப்பட்டால் கல்யாணமே கெட்டுவிடும். பத்தமடை எங்களுக்குப் பக்கம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்கிற பாய், அதில் மிக நுண்ணியதைப் பட்டுப்பாய் என்பார்கள், துணி மாதிரி மடியும், பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் அதிலேயே நெய்து தருவார்கள். ஒரு பாய்க்கே பல நாள் பிடிக்கிற வேலை, ஆகவே தேதி குறித்த உடனே சொல்லிவிடுங்கள். மணமக்கள் உட்கார்ந்த அந்தப் பாய் இப்போது தங்கை வீட்டுச் சுவரில் இருக்கிறது.

தண்ணீருக்குக் காருகுறிச்சிப் பானை ஐந்து. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்புங்கள், மண்வாடை தணியும். உள்ளே வெட்டிவேர் ஒரு கட்டு. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர், கழுவ ஒரு ஆள். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் இலை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடையில் இருக்கின்றன, இருந்தும் பந்தியில் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். சமையல்காரரிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை, நாங்களே அச்சடித்தது. அச்சு வெண்டைக்காய். முற்றிய வெண்டைக்காயைக் காம்புப் பக்கமாகக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும். வெட்டிய உடனே சாயத்தில் தொட்டால் வழவழப்பு கலந்து கோடு கசியும், அரை மணி நேரம் காகிதத்தில் கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள். பையையும் ஒரு தரம் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாயம் ஒட்டாது. துணிப் பெயின்ட்டைத் தட்டில் ஊற்றித் தொடாமல், ஸ்பாஞ்சில் தடவி, அதன்மேல் காயைத் தொட்டு ஒற்றுங்கள். ஒரு நாள் காயவிட்டு உள்பக்கமாக அயர்ன் செய்தால் துவைத்தாலும் போகாது. ஒரு காய் பத்துப் பைக்கு வரும், அப்புறம் கொழகொழத்துவிடும், இன்னொன்று வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். பைக்குள் வெற்றிலை பாக்கு, தேங்காய், சின்ன ஓலைப்பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி. அந்தப் பையோடு காய்கறிக் கடையில் நிற்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

பந்தலும், நாமே செய்யக்கூடாத வேலைகளும்

கீற்றுப் பந்தலின் நிழலுக்கு ஈடே இல்லை. ஆனால் 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அதை மறந்துவிட்டுப் பந்தல் போட வேண்டாம். மாடியில் கீற்று கூடவே கூடாது. தரையில் போட்டாலும் இரண்டு பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும், அடுப்பு பந்தலுக்கு வெளியே, காற்று தீப்பொறியைப் பந்தல் பக்கம் கொண்டுவராத திசையில், ஓமம் திறந்த வானத்தின் கீழோ ஓட்டுத் திண்ணைக்கு அடியிலோ. சீரியல் செட்டும் வீடியோ விளக்கும் கீற்றைத் தொடக்கூடாது, ஒயர் ஒட்டுகளையெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். நாலு மூலையிலும் மணல் வாளி, தண்ணீர் வாளி. முந்தின நாள் மாலை கீற்றுமேல் தண்ணீர் அடித்து விட்டோம்.

கரண்ட் வேலையைப் போலவே சமையலையும் ஆளிடம் விட்டுவிடுங்கள். 120 பேருக்கு வீட்டுப் பெண்கள் சமைத்தால் தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் அடுப்படியில் இருப்பார்கள். இலை மட்டும் எண்ணிக்கைக்குப் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள், கிழிசல் நிச்சயம் இருக்கும்.

அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் ஒரு ஐம்பது காகிதத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மண்டப ரசீதோ கோயில் ரசீதோ இல்லாத வீட்டுக் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் காட்ட அது வேண்டியிருக்கும். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். ஐயர் வைக்காமல் மாலை மாற்றிச் செய்துகொள்கிற சீர்திருத்தக் கல்யாணத்துக்கும் 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

மறுநாள் பிரிப்பதற்கும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பல்பும் ஒயரும், அடுத்து சேலை, அப்புறம் தோரணம். தோரணத்தில் கயிற்றை மட்டும் உருவிவிட்டு, கம்பி எதுவும் சிக்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுக்குப் போட்டோம். ஆச்சியின் கிளிகளை அது தலையிலிருந்து தொடங்கித் தின்றது. கீற்று மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போனது, பூவெல்லாம் தென்னை மூட்டுக்கு. வாழைக்குலையைப் பழுக்கத் தொங்கவிட்டு, மரத்தின் பட்டையை உரித்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த தண்டை அம்மா அரிந்து மோரில் போட்டாள். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு அன்று மதியம் வாசல் வாழைமரம்தான் கூட்டு.